இரண்டாவது லேன் இடது கைக்காரர்

சேலத்தில் ஒரு ரைஃபிள் கிளப். அங்கே ஒரு சீடர், ஒரு குரு. சீடருக்கு வயது நாற்பத்தெட்டு. குருவுக்கு இருபத்தொன்பது. சிரிக்காதீர்கள், அப்படித்தான் அமைந்தது.

சீடர் பெயர் சுகவனம். நில அளவைத் துறையில் சர்வேயர். சாப்பாடு தவிர எல்லாம் அவருக்கு இடது கைதான். குரு மெர்லின் மேடம். பேச்சு ரொம்பக் குறைவு. கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் ஒரு திருப்புளியைக் கையில் கொடுக்கிற ரகம்.

போட்டி ரைஃபிள் என்பது செருப்பு மாதிரி. ஆளுக்குத் தக்கபடி இருக்க வேண்டும். கிளப்பில் இருந்ததெல்லாம் வலது கை ரைஃபிள். பிடி வலது உள்ளங்கைக்குச் செதுக்கியது. கன்னம் வைக்கிற கட்டை வலது கன்னத்துக்கு. காற்றை ஏற்றுகிற நெம்புகோலும் அந்தப் பக்கம்தான். மூன்று வருஷத்துக்கு முன் சுகவனம் வந்து சேர்ந்தபோது மெர்லின் மேடம் அரமும் மரப்பசையுமாக உட்கார்ந்து, ஒரு பழைய ரைஃபிளை அவருக்காக ராவித் தேய்த்து, ஒருவழியாக இடது தோளில் உட்கார வைத்தார்.

அவருக்குச் சுட இடது ஓரத்து ஒன்றாவது லேனையும் கொடுத்தார். காரணம் இருந்தது. வலது கைக்காரர்கள் சுடும்போது வலப்பக்கம் பார்த்து நிற்பார்கள். இடது கைக்காரர் இடப்பக்கம் பார்த்து நிற்பார். நடுவில் விட்டால் பக்கத்து ஆளும் இவரும் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். ஒன்றாவது லேனில் அந்தத் தொல்லை இல்லை. முன்னால் வெறும் சுவர்.

கிளப்பில் ஒரே இடது கைக்காரர், தனக்கென்று ஒரு சுவர், தனக்கென்று மேடம் ராவிக்கொடுத்த ரைஃபிள். மனுஷன் ராஜா மாதிரி இருந்தார்.

அப்போதுதான் பரந்தாமன் வந்தார்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். நல்ல உயரம், நீளக் கழுத்து, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அவரும் இடது கைக்காரர். வரும்போதே சொந்தமாக ஓர் இடது கை ரைஃபிளோடு வந்தார். நீல நிற அலுமினியம். பெட்டியைத் திறந்ததும் கிளப்பே கூடிவிட்டது.

சுகவனம் மட்டும் கூடவில்லை. தள்ளி நின்று தண்ணீர் குடித்தார்.

மறுநாள் மெர்லின் மேடம் ஒன்றாவது லேனைப் பரந்தாமனுக்குக் கொடுத்தார். சுகவனத்தை இரண்டுக்கு மாற்றினார்.

"ஏன் மேடம்?"

"அவர் புதுசு. முன்னாடி ஆள் நின்னா பதறுவார்."

"எனக்குப் பதறாதுங்களா?"

"பதறுமா?"

"எனக்கென்ன மேடம், நான் பாட்டுக்குச் சுடுவேன்" என்றார் சுகவனம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்கு முன்னால் சுவர் இல்லை. பரந்தாமனின் முதுகு இருந்தது. முதுகுக்கு அந்தப் பக்கம் நீல ரைஃபிள். அதற்குப் பக்கத்தில் மெர்லின் மேடம், கையில் திருகு முடுக்கும் சாவியோடு. தனக்காக மூன்று மாதம் குனிந்து உட்கார்ந்திருந்த அதே மேடம்.

வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? பொறாமைதான். பச்சைப் பொறாமை. பரந்தாமன் ஒன்பது அடித்தால் இவருக்குச் சோறு இறங்கியது. பத்து அடித்தால் இறங்கவில்லை. வீட்டில் மனைவி கோமளாவிடம் பரந்தாமனின் சட்டை, பரந்தாமனின் சிரிப்பு, பரந்தாமன் "அண்ணே" என்று கூப்பிடுகிற விதம் எல்லாவற்றையும் பற்றிப் புலம்பினார்.

"சாப்பிடும்போதாவது அந்த மனுஷனைக் கீழ இறக்கி வையுங்களேன்" என்றாள் கோமளா.

இதில் வெறும் பெருமை மட்டும் இல்லை. மாநிலப் போட்டிக்கு மாவட்ட அணியில், நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே ஓர் இடம் காலி. சுகவனம் இரண்டு வருஷம் முயன்று, இரண்டு முறையும் மயிரிழையில் விட்டவர். இந்த வருஷம் உங்களுக்குத்தான் சார் என்று கிளப்பில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பரந்தாமனும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்தான்; அவர் வந்த பிறகு யாரும் சொல்வதில்லை. தேர்வுப் போட்டிக்கு நான்கு வாரம்தான் இருந்தது.

சுகவனம் மேடத்திடம் போனார்.

"இந்த ஓட்டை வலது கை ரைஃபிளை வெச்சுக்கிட்டு நான் எப்படி மேடம் ஜெயிக்கிறது?"

மேடம் அந்த வாரமே எங்கெங்கோ பேசி மூன்று இடது கை ரைஃபிள்களை வரவழைத்தார். பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம். மூன்றையும் மேஜையில் வைத்தார்.

"கண்ணை மூடுங்க சார்."

மூடினார்.

"ஒண்ணொண்ணா தரேன். தோள்ல வைங்க. எது உங்க கைக்கு வருதோ சொல்லுங்க."

முதலாவது தோளில் முட்டியது. இரண்டாவதில் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது வந்து உட்கார்ந்ததும் சுகவனத்துக்கு அப்பாடா என்றிருந்தது. பிடி உள்ளங்கைக்குள் நிறைந்தது. கன்னம் தானாகப் போய்ச் சாய்ந்தது.

"இதுதான் மேடம். சந்தேகமே இல்ல."

"கண்ணைத் திறங்க."

திறந்தார். கையில் இருந்தது மரக்கட்டை வைத்த, பழுப்பு நிற ரைஃபிள். பழைய மாடல். மேஜையில் இரண்டாவதாக நீல அலுமினியம் ஒன்று பளபளவென்று கிடந்தது. பரந்தாமனுடையது போலவே. அச்சு அசல்.

சுகவனம் மரத்தைப் பார்த்தார். நீலத்தைப் பார்த்தார்.

"அதுல கழுத்தை நீட்ட வேண்டியிருக்கு... அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்ல மேடம்?"

"பண்ணலாம்."

"அப்போ நீலமே இருக்கட்டும்."

"சரி" என்றார் மேடம். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

நீல ரைஃபிளில் எல்லாமே நகரும். தோளில் பதிகிற தகடு மேலே, கீழே, முன்னே, பின்னே போகும். கன்னக்கட்டை ஏறும், இறங்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடிப்பொடியாய் எண்கள் பொறித்திருக்கும். அவரவர் உடம்புக்கு எது சரியோ, அந்த எண்ணில் நிறுத்தி முடுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நம்ம ஆள் சர்வேயர். அளப்பது கைவந்த கலை. பரந்தாமன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, டேப்பும் நோட்டுமாக அந்த ரைஃபிள் மேல் குனிந்துவிட்டார். தகடு எத்தனை, கட்டை எத்தனை, பிடியின் சாய்வு எத்தனை. ஊர்க்காரன் நிலத்தை அளக்கும்போதுகூட அத்தனை சுத்தமாக அளந்திருக்க மாட்டார்.

பரந்தாமன் திரும்பி வந்துவிட்டார்.

"என்னண்ணே, அளக்கறீங்களா? கேட்டா நானே சொல்லியிருப்பேனே! கன்னக்கட்டை பதினாலுல வெச்சிருக்கேங்க. எழுதிக்கோங்க."

சுகவனத்துக்கு மானம் போயிற்று. ஆனாலும் எழுதிக்கொண்டார்.

தன் ரைஃபிளை அப்படியே திருகி வைத்தார். எல்லா எண்ணும் ஒன்று. இனி அவருக்குப் பத்து விழுந்தால் இவருக்கும் விழுந்துதானே ஆக வேண்டும்?

ஏழு விழுந்தது. எட்டு விழுந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது. தோள் கன்றிப்போனது. பத்து நாள் இப்படியே போனது. முன்னாலிருந்த முதுகோ அசையாமல் நின்று பத்துப் பத்தாய்க் குவித்துக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் சுகவனம் வெடித்துவிட்டார்.

"அதே ரைஃபிள், அதே நம்பர்! அவருக்கு மட்டும் ஏன் விழுது, எனக்கு ஏன் விழ மாட்டேங்குது மேடம்? அவருக்குத் தனியா ஏதோ சொல்லிக் கொடுக்கறீங்க. எனக்குத் தெரியும்."

மேடம் கோபப்படவில்லை. பக்கத்தில் நின்றிருந்த பரந்தாமனிடம், "சார், உங்க சட்டையைக் கொஞ்சம் கழட்டிக் கொடுங்க" என்றார்.

சுடும்போது போடுகிற கனத்த கேன்வாஸ் சட்டை அது. பரந்தாமன் சிரித்துக்கொண்டே கழற்றினார். மேடம் அதைச் சுகவனத்துக்குப் போட்டுவிட்டார். சட்டைக் கை விரல்களைத் தாண்டித் தொங்கியது. முழங்கால்வரை வந்தது.

"ஒரு பொத்தான் போடுங்க."

"போட முடியாது மேடம். வயிறு இடிக்குது."

"ம்" என்றார் மேடம். சட்டையை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு சுகவனத்தின் ரைஃபிள் பக்கம் உட்கார்ந்தார்.

இரண்டு மணி நேரம். தகட்டைக் கீழே இறக்கினார். கன்னக்கட்டையைப் பதினாலிலிருந்து ஐந்துக்குக் கொண்டுவந்தார். சுகவனத்துக்குக் கழுத்தென்று பெரிதாக ஒன்றும் கிடையாது, அதற்கு அதுதான் கணக்கு. தூக்கச் சொல்வார், இறக்கச் சொல்வார், அரை மில்லிமீட்டர் திருகுவார். கடைசியில் அந்த நீல ரைஃபிள் சுகவனத்தின் தோளில் வந்து உட்கார்ந்தது. மரக்கட்டை போல முதல் தடவையிலேயே அல்ல, ஆனால் உட்கார்ந்தது.

"இப்ப இது உங்களுது" என்றார்.

உண்மைதான். அடுத்த நாளே ஒன்பதும் பத்துமாக விழுந்தது. வாரக் கடைசியில் பரந்தாமனை எட்டிப் பிடித்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டார். ஆனால் ஒவ்வொரு முறை சுட்டதும், தன் குறி அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கண் ஒன்றாவது லேனுக்குப் போய்விட்டுத்தான் வந்தது.

போட்டிக்கு முந்தின நாள் மேடம் கூப்பிட்டார்.

"சார், கடைசி லேன் நாளைக்குக் காலி. அதுக்கு முந்தினதும் காலி. உங்க முன்னாடி யாரும் இருக்க மாட்டாங்க. மாத்தித் தரட்டுமா?"

"வேண்டாம் மேடம். ரெண்டே இருக்கட்டும்."

"ஏன்?"

"ஆள் என்ன பண்றார்னு தெரிஞ்சாத்தான் எனக்கு ரோஷம் வரும்."

"சரி" என்றார் மேடம்.

ஞாயிற்றுக்கிழமை காலை போட்டி. நாற்பது குண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புது அட்டை. சுவிட்சை அழுத்தினால் அட்டை கம்பியில் ஓடி பத்து மீட்டர் தள்ளிப் போய் நிற்கும். சுட்டதும் திரும்ப ஓடி வரும். துளை எங்கே என்று பார்த்துக்கொள்ளலாம்.

சுகவனம் நன்றாகச் சுட்டார். அப்படிச் சுட்டதே இல்லை எனலாம். மனசுக்குள் இரண்டு கணக்கு ஓடியது. தன் கணக்கு ஒன்று, பரந்தாமன் கணக்கு ஒன்று. ஒன்றாவது லேன் அட்டை ஓடி வரும்போதெல்லாம் அந்த நீள முதுகுக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். ஒன்பது. ஒன்பது. பத்து. எட்டு! எட்டைப் பார்த்ததும் நெஞ்சு குளிர்ந்தது.

முப்பத்திரண்டு குண்டு முடிந்தபோது சுகவனம் முந்நூறு. பரந்தாமன் இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

நான்கு பாயிண்ட் முன்னால்! மாவட்ட அணி கண்ணுக்கெதிரே நின்றது.

பரந்தாமன் ரைஃபிளைத் தாங்கியில் வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார். புது அட்டையை அனுப்பினார். அது ஓடிப் போய் நிற்கும்வரை சுகவனம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை ஏழு விழட்டும், சாமி, ஒரே ஓர் ஏழு.

அப்புறம் தன் ரைஃபிளைத் தூக்கினார். கன்னம் சாய்ந்தது. மூச்சு நின்றது. கறுப்பு வட்டம் வளையத்துக்குள் வந்து கல் மாதிரி அசையாமல் நின்றது. நாள் முழுக்க இத்தனை சுத்தமாக ஒரு தடவைகூட நின்றதில்லை. விசை தானாக விழுந்தது போலிருந்தது. பத்து என்று சுடும்போதே தெரிந்தது.

சுவிட்சை அழுத்தினார். அட்டை ஓடி வந்தது.

வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு துளை இல்லை.

திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் இல்லை.

முன்னாலிருந்து பரந்தாமன் கையைத் தூக்கினார். நடுவர் ஓடி வந்தார்.

"சார், என் அட்டையில ஓட்டை விழுந்திருக்குங்க. நான் இன்னும் சுடவே இல்ல."

அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். நட்டநடுவே ஒரு துளை. பத்து. பத்தென்றால் பத்து, பாடப் புத்தகத்தில் போடலாம்.

விதி தெளிவாக இருந்தது. பரந்தாமனுக்கு வேறு அட்டை கொடுத்தார்கள். அடுத்தவர் அட்டையில் சுட்டவருக்கு அந்தக் குண்டுக்குச் சைபர்.

பரந்தாமன் திரும்பி, "ஐயோ, அண்ணே..." என்றார். அவர் முகத்தில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. அதைத்தான் சுகவனத்தால் தாங்க முடியவில்லை.

முடிவில் பரந்தாமன் முந்நூற்று எழுபத்தொன்று. சுகவனம் முந்நூற்று அறுபத்தாறு. அந்தப் பத்து மட்டும் தன் அட்டையில் விழுந்திருந்தால் அவர்தான் அணியில்.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் சுகவனம் இரண்டாவது லேனிலேயே உட்கார்ந்திருந்தார். நடுவரிடம் கேட்டு வாங்கிய அந்த அட்டை கையில் இருந்தது. மெர்லின் மேடம் வந்து பக்கத்தில் நின்றார்.

"மேடம், ரைஃபிள்ல ஏதோ கோளாறு. ஏதாவது ஸ்குரூ தளர்ந்திருக்கும். இல்லேன்னா இப்படி நடக்குமா?"

மேடம் ரைஃபிளை எடுத்தார். தகட்டின் திருகைச் சோதித்தார். கன்னக்கட்டையைச் சோதித்தார். பிடியை, பார்வை வளையத்தை, ஒவ்வொன்றையும் நிதானமாகத் தொட்டுப் பார்த்தார். சுகவனம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒன்று ஆடினால் போதும் என்றிருந்தது.

எதுவும் ஆடவில்லை.

மேடம் அந்த அட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நடுப்புள்ளி இருந்த இடத்தில் வெளிச்சம் வட்டமாக வந்தது.

"ரைஃபிள்ல ஒரு குறையும் இல்ல சார்" என்றார். "நாலு வாரமா நீங்க எங்க பார்த்துட்டு இருந்தீங்களோ, சரியா அங்கதான் பட்டிருக்கு."