சந்தனம் வைத்த டெஸ்ட் லைட்

விருதுநகர் பைபாஸ் ரோட்டில் கார் ஏ.சி. பட்டறை வைத்திருந்தவள் சங்கரேஸ்வரி. அவளிடம் தொழில் படித்துக்கொண்டிருந்தவர் பால்ராஜ். குருவுக்கு முப்பது தாண்டியிருக்கும், சீடருக்கு ஐம்பது. மூடிப்போன மில்லில் வயர்மேனாக இருந்தவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை மேஸ்திரி என்பார். அதைக் கேட்டுச் சிரிப்பது கடைக்கு வருகிறவர்கள்தான். அவர்கள் இருவருக்கும் அதற்கெல்லாம் நேரமில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. கடை திறந்ததும் செல்லப்பாண்டி தன் வாடகைக் காரோடு வந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"காத்து வருதுண்ணே, குளிர்ச்சி இல்ல. மதியத்துக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. மதுரை ஆஸ்பத்திரியில இருந்து தங்கச்சிய இன்னைக்கு வீட்டுக்கு விடுறாங்க."

அவன் தங்கை பட்டாசு ஆலைத் தீயில் வெந்து பிழைத்தவள். புதுத்தோலில் வெக்கையும் வேர்வையும் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வேற ஏ.சி. வண்டி பிடிக்கலாமே தம்பி?" என்றார் பால்ராஜ்.

"முகமும் வெந்துருக்குண்ணே. தெரியாத ஆள் வண்டியில ஏற மாட்டேங்கிறா."

சங்கரேஸ்வரி வேறொரு காரின் அடியில் படுத்திருந்தாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, இத நீங்களே பாருங்க."

தனியாக ஒரு வண்டியை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பால்ராஜுக்குப் பெருமையாக இருந்தது.

பானெட்டைத் திறந்தார். டெஸ்ட் லைட்டின் கிளிப்பைக் காரின் இரும்பில் மாட்டினார். அதன் ஊசி கரண்ட் உள்ள இடத்தைத் தொட்டால் பிடியில் இருக்கும் குட்டி பல்பு எரியும். ஏ.சி. பியூசைத் தொட்டார். எரியவில்லை. கம்ப்ரஸருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயைத் தொட்டார். எரியவில்லை. பக்கத்தில் இருந்த பியூஸ்களையும் விட்டுவைக்கவில்லை. எங்கேயும் எரியவில்லை.

"உள்ள வயரிங் மொத்தமும் போச்சு தம்பி. டேஷ்போர்டப் பிரிக்கணும். ரெண்டு மூணு நாளாகும்."

செல்லப்பாண்டி அங்கே கிடந்த பழைய டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பால்ராஜ் ஸ்குரூ டிரைவரோடு முன்சீட்டில் ஏறும்போது சங்கரேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஹாரன் பியூஸ்ல கரண்ட் இருக்கா அண்ணாச்சி?"

"இல்ல மேஸ்திரி. எதுலயுமே இல்ல."

அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனை அழுத்தினாள்.

ரோடே திரும்பிப் பார்த்தது. டீக்கடையில் ஒருவர் கிளாசோடு எழுந்தே விட்டார்.

பால்ராஜ் இறங்கி வந்தார். ஹாரன் பியூசில் ஊசியை வைத்தார். "இன்னொரு தடவ அமுக்குங்க."

ஹாரன் அலறியது. பல்பு எரியவில்லை.

அவள் தன் வேலைக்குத் திரும்பிப் போனாள்.

பால்ராஜ் கிளிப்பைப் பேட்டரியின் ஒரு முனையில் மாட்டி, ஊசியால் மறுமுனையைத் தொட்டார். அப்போதும் எரியவில்லை. கிளிப்பைக் கழற்றி அதன் வாயைப் பிளந்து பார்த்தார். பல்லிடுக்கெல்லாம் சந்தனம் காய்ந்து இறுகி, பல்லை இரும்பில் படவிடாமல் மறித்திருந்தது, மேலே குங்குமம். முந்தின நாள் பூஜையில் மற்ற சாமான்களுக்கெல்லாம் ஒரு பொட்டோடு நிறுத்தியவர், சோறு போடுகிற சாமானாயிற்றே என்று இதற்கு மட்டும் அள்ளி அப்பியிருந்தார்.

உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தார். பல்பு எரிந்தது. பேட்டரியில் மட்டுமா? ஏ.சி. பியூசிலும் எரிந்தது, ரிலேயிலும் எரிந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே கம்ப்ரஸர் வரை இறங்கினார். அங்கே அதற்குக் கரண்ட் வந்து சேரும் பிளக் பாதி கழன்று, உள்ளே தண்ணீர் கோத்து நின்றது.

"பூஜைக்கு வண்டியக் கழுவுனியா தம்பி?"

"இன்ஜின் வரைக்கும் பிரஷர் வச்சு அடிச்சேண்ணே."

"சாமிக்கு நாம ரெண்டு பேருமே ஒரு கொறையும் வைக்கல."

பிளக்கைத் துடைத்து, காயவைத்து, அழுத்தி மாட்டினார். இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டதும் டக்கென்று கம்ப்ரஸர் பிடித்தது. செல்லப்பாண்டி காற்று வரும் ஓட்டையில் முகத்தை வைத்தபடி வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. பால்ராஜின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிறகு மதுரைக்குப் பறந்தான்.

வழியில் ஏ.சி. மறுபடி நின்றுவிடுமோ என்று அன்று பால்ராஜ் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. சாயங்காலம் போன் வந்தது.

"வீட்டுக்கு வந்துட்டோம்ணே. வழியெல்லாம் தூங்கிக்கிட்டே வந்தா. இந்த மாதிரி தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா!"

பால்ராஜ் நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்தார், ஆனால் சாப்பிடவில்லை. டெஸ்ட் லைட்டை எடுத்துக்கொண்டு சங்கரேஸ்வரியிடம் போனார்.

"மேஸ்திரி, பியூசச் சந்தேகப்பட்டேன். ரிலேயச் சந்தேகப்பட்டேன். அந்தக் காரச் செஞ்சவனையே சந்தேகப்பட்டேன். இத மட்டும் எப்படி விட்டேன்?"

அவள் வேலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அது உங்க கையில இருந்துச்சுல்ல, அண்ணாச்சி."