மயில் ஆடிய ஆணை

ராஜா காலத்தில் ஏதய்யா கம்ப்யூட்டர் என்று கேட்கிறவர்கள் தாராளமாக எழுந்து போகலாம். வடகரை ராஜா உத்தமசீலரிடம் இருந்தது, அவ்வளவுதான். அகலத் திரை, யானை விலை. அதில் அரசாணை எழுத ஒரு மென்பொருள் வேண்டும். திரையில் தெரிகிறபடியே காகிதத்தில் வர வேண்டும்.

ஆணை எழுதும் அதிகாரி வெண்காடர் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரியும். எழுத்து மட்டும் சின்னது, கறுப்பு. அமைச்சர் பேரம்பலர் கொண்டுவந்ததோ அவருடைய மச்சினன் செய்தது. ராஜாவின் பட்டங்களைத் தேங்காய் பருமனுக்குத் தங்க எழுத்தில் காட்டும். ஓரத்தில் மயில் வேறு ஆடும்.

"ஆகா! இதுவல்லவோ மென்பொருள்!" ராஜா சொக்கிப்போனார்.

"மயில் தெரிகிறது மன்னா, ஆணையைத்தான் காணோம்" என்றார் வெண்காடர்.

"பட்டங்களுக்குக் கீழே இருக்கிறது. திரையைக் கீழே உருட்டினால் தெரியும்" என்றார் அமைச்சர். "இவருக்குப் பொறாமை, மன்னா!"

ராஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெண்காடா, இதில் குறை இருந்தால் சாயங்காலத்துக்குள் காட்டு. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு!"

போயும் போயும் ஒரு மயிலால் பிழைப்பு போவதா? வெண்காடர் உட்கார்ந்து அந்த மயில் மென்பொருளிலேயே ஓர் ஆணையை அடித்தார்.

சாயங்காலம் சபை கூடியது. திரை முழுக்கத் தங்கப் பட்டங்கள். ராஜா படித்தார், மறுபடியும் படித்தார். கண்ணே கலங்கிவிட்டது. "அச்சடி!" என்றார். திரையை விட்டுக் கண்ணெடுக்காமலே கடைசித் தாளில் கையெழுத்தும் முத்திரையும் போட்டார்.

வெண்காடர் அந்தத் தாளை உரக்க வாசித்தார்: "ஆகிய யாம், இந்த நிமிஷம் முதல் எமது சிம்மாசனத்தை வெண்காடருக்கே கொடுத்தோம்."

"மோசடி!" என்று குதித்தார் அமைச்சர்.

"ஓர் எழுத்தையும் மறைக்கவில்லை அமைச்சரே. உருட்டினால் தெரிந்திருக்கும்."

ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "அடப்பாவி! இதை ரத்து செய்து உடனே ஓர் ஆணை எழுது!"

"எழுதலாம். ஆனால் ஆணை போட இப்போது ராஜா நானல்லவா?"

ராஜா திரையில் ஆடும் மயிலைப் பார்த்தார், தாளில் தம் முத்திரையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி, ராஜாவே! தங்கள் உத்தரவு?"

வெண்காடர் தம் சின்ன எழுத்து மென்பொருளில் ஒரே பக்கத்தில் அடித்தார். அரண்மனைக்கு இனி இதுதான் மென்பொருள், சிம்மாசனம் உத்தமசீலருக்கே. ராஜா விரல் வைத்து, ஓர் எழுத்து விடாமல் படித்த பிறகுதான் மூச்சு விட்டார். மயிலை அமைச்சரே மச்சினன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

வெண்காடர் ஆண்டது கால் நாழிகைகூட இருக்காது. வடகரையில் உருப்படியான ஆட்சி என்றால் ஜனங்கள் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.