வாத்து வறுவலும் மூன்று சாட்சிகளும்

காதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கொடுக்கலாம், தப்பில்லை. முன்னொரு காலத்திலே, ஏழு கடலுக்கு அப்பால் இங்கிலாந்துச் சீமையிலே, ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான், ஆனால் சரியான சாப்பாட்டு ராமன்.

அவர் அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தில் ராஜா கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்கத் தொடங்கினால், எல்லோரும் தலை குனிய வேண்டும். கிண்ணம் கீழே வரும்வரை நிமிரக் கூடாது. மீறினால் சிறைதான்.

ராஜாவுக்கு ஆம்ப்ரோஸ் என்ற அதிகாரியின் மேல் கொள்ளைப் பிரியம். அது போதாதா? பெர்சிவல், ராண்டல்ஃப், ஹியூகோ என்ற மூன்று பிரபுக்களுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் விருந்தில் ராஜா ஒரு முழு வாத்து வறுவலை ஒண்டியாகத் தின்று தீர்த்தார். வயிறு வலிக்காமல் என்ன செய்யும்? மறுநாள் காலை படுக்கையில் உருண்டார். இதுதான் சமயம் என்று மூன்று பிரபுக்களும் ஓடி வந்தார்கள்.

“மகாராஜா, சதி! ஆம்ப்ரோஸ் உங்கள் வாத்தில் விஷப்பொடி தூவினான். எங்கள் கண்ணால் கண்டோம்!”

ராஜாவும் அதை நம்பிவிட்டார்; ஆம்ப்ரோஸைக் கயிற்றால் கட்டி இழுத்து வந்தார்கள். கோடரியோடு தலைவெட்டும் சேவகனும் வந்து நின்றான். ஐயோ பாவம், செய்யாத குற்றத்துக்குத் தலை போகப் போகிறது! ஆனாலும் ஆம்ப்ரோஸின் மூளை நன்றாகவே வேலை செய்தது.

“மகாராஜா, ஒரே ஒரு கேள்வி. தட்டு உங்கள் முன்னால்தானே இருந்தது? உங்களுக்குத் தெரியாமல் எப்போது தூவினேனாம்?”

“ராஜா குடித்துக்கொண்டிருந்தபோது!” என்றார் பெர்சிவல் பெருமையாக.

“அப்படியா பிரபுவே? அப்போது நீங்கள் தலை நிமிர்ந்தா இருந்தீர்கள்?”

பெர்சிவலுக்கு வியர்த்துக் கொட்டியது. “சேச்சே! நான் குனிந்துதான் இருந்தேன். பார்த்தது ராண்டல்ஃப்.”

“ஐயையோ, நானும் குனிந்திருந்தேன். பார்த்தது ஹியூகோ!” என்றார் ராண்டல்ஃப்.

“நானா?” என்று அலறினார் ஹியூகோ. “நான் குனிந்த வேகத்தில் தாடியே குழம்பில் விழுந்தது. வேண்டுமானால் மோந்து பாருங்கள் மகாராஜா!”

ராஜா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படியானால், பார்த்தது அந்த வாத்துதான் போலிருக்கிறது!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரித்து முடித்ததும் தம் கையாலேயே ஆம்ப்ரோஸின் கட்டை அவிழ்த்தார். “விசாரிக்காமல் உன்னை இழக்கப் பார்த்தேனே!” என்று கட்டிக்கொண்டார். பிரபுக்கள் மூவரும் அன்றைக்கே ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள்.

காணாததைக் கண்டேன் என்று சாட்சி சொல்கிறவன், தவளையைப் போலத் தன் வாயாலேயே கெடுவான்.