கல்லொட்டி ஏன் வாயைத் திறப்பதில்லை

மீனுக்கும் மனிதருக்கும் ஒரே மொழி இருந்த அந்தக் காலத்தில், தூண்டில் என்று ஒரு பொருள் கிடையாது. அது தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. ஆற்றங்கரைக்குப் போய், எங்கே மீன் கிடைக்கும் என்று மீனிடமே கேட்டுவிடுவார்கள்.

பதில் சொல்வதற்கென்றே ஒருத்தி இருந்தாள். விரல் நீள உடம்பு, அதில் பாதி வாய். பெற்றவள் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. அதைச் சொல்ல அவளுக்கே நேரம் வாய்த்ததில்லை. அதைவிட முக்கியமான சேதிகள் எப்போதும் வரிசையில் நின்றன. ஆறு முழுக்க அவளைத் தண்டோரா என்றே அழைத்தது.

அந்த ஆறு நெல்லியாறு. மலையுச்சிப் புல்வெளியில் கசிந்து, சோலைக்குள் இருண்டு, பாறைக்குப் பாறை குதித்து இறங்குவது. மத்தளக் கசம் என்ற மடுவில் அருவி ஓயாமல் அறையும். அந்த நுரைக்கடியில் கெண்டைகள் புரளும். ஆலடிக் கசம் ஆழமும் இருட்டுமானது. கெளுத்தியும் விலாங்கும் அங்கே குடித்தனம் நடத்தின. நாணல்திட்டு மணலில் அயிரை புதைந்து கிடக்கும். இழுப்பு மிகுந்த நடுவாற்றில் பூமீன்களைத் தவிர வேறு யாரும் நிலைகொள்ள முடியாது: பொன்னிறச் செதில், தடித்த உதடு, ஆள் கை நீளத்துக்கு உடம்பு. காலையில் மேலிருந்து கீழ்வரை, மாலையில் கீழிருந்து மேல்வரை தண்டோரா ஒரு சுற்று வருவாள். அவளுக்குத் தெரியாமல் அந்த ஆற்றில் ஒரு முட்டை பொரிந்ததில்லை.

கரையில் தேனடிக்குடி என்ற ஊர். அங்கிருந்து யாராவது வந்து தண்ணீரைத் தட்டினால் போதும், தலையை நீட்டுவாள்.

"ஏட்டி தண்டோரா, இன்னைக்கு எங்கட்டீ?"

"மத்தளக் கசத்துல கெண்டை கூடிக் கெடக்கு அண்ணாச்சி. வெரசலாப் போங்க. நீங்க வாறியன்னு நான் இப்பம் போயி அதுககிட்டயும் சொல்லணும்."

சொன்னபடி அங்கேயும் போய்ச் சொல்லுவாள். செய்தியில் அவளுக்குப் பாரபட்சம் கிடையாது. மனிதர் ஓடுவார்கள், மீன்களும் ஓடும், முந்தியவர் பிழைத்தார். குழம்புக்கு நாலு மீன் அகப்படும், மற்றவை தப்பும். இரு தரப்பும் அவளைத் திட்டின. இரு தரப்பும் அவள் வராத நாளில் தவித்தன. அவளைப் பொறுத்தவரை உலகம் மிக நேர்த்தியாக நடந்துகொண்டிருந்தது.

அவளால் பொறுக்க முடியாதது ஒன்றுதான்: பிழையான சேதி. அவள் முன்னால் ஒருவர் தவறாக ஒன்றைச் சொன்னால், சொன்னவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் திருத்திவிடுவாள். பூமியைத் தாங்குவது யாரென்று சண்டை நடந்தால்கூட இடையில் புகுந்து, "இல்ல, இல்ல, அப்பிடி இல்ல" என்று ஆரம்பிப்பாள்.

ஓர் ஆண்டு மழையில் மலை சரிந்தது. பூமீன்கள் முட்டையிடும் ஓடைகள் எல்லாம் மண்ணுக்கடியில் போயின. மூங்கில் புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்த குருத்தோடை ஒன்றுதான் மிஞ்சியது. கூழாங்கல் படுகை, முழங்கால் அளவுத் தண்ணீர், தப்பிக்க வேறு வழியில்லாத முட்டுச்சந்து. ஆனி மாதம் சாரல் விழுந்ததும் வயிறு கனத்த பூமீன்கள் அத்தனையும் அங்கேதான் ஏற வேண்டும். அங்கே ஆள் வந்துவிட்டால், முன்கூட்டிச் சேதி சொல்லியும் பயனில்லை. ஓட இடமுமில்லை, ஓடும் உடம்புமில்லை. மறு ஆண்டு நெல்லியாற்றில் பூமீன் என்ற பேச்சே இருக்காது.

அந்த ஆண்டுதானா தேனடிக்குடிச் சடையாண்டி தன் மகளுக்குக் கல்யாணம் வைக்க வேண்டும்! நல்ல மனிதர்தான்; நாக்குதான் நீளம். சமவெளியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம், "எங்க மலையில பந்தியில ஒக்காந்தா ஆளுக்கொரு முழு பூமீன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு தூக்கம் போயிற்று. ஊரையே கூட்டி நாரில் பெரிய வலை ஒன்று பின்ன வைத்தார்.

ஆலடிக் கசத்தில் மீன்கள் கூடின.

"வலையை விடுங்க, நம்ம வீட்டு வாயை என்ன செய்யப் போறோம்?" என்றது கெளுத்தி. அதற்கு மீசை இருந்தது; ஆகவே கருத்தும் இருந்தது. "அவளைப் பிடிச்சு அருவியில உருட்டி விட்ருவோம். கடல்ல போயி உப்பைப் பத்திப் பேசட்டும்."

பூமீன்களின் தலைவி வடிவு மறுத்துவிட்டாள். நேராகப் போய்த் தண்டோராவின் எதிரில் நின்றாள்.

"என்ன மைனி, இந்தப் பக்கம்? வயிறு எறங்கிருச்சே! இன்னைக்கா நாளைக்கா?" என்றாள் தண்டோரா.

"நாளைக்கு. குருத்தோடையில."

தண்டோரா திகைத்துப் போனாள். அவளிடம் அதுவரை யாரும் எதையும் வலிய வந்து சொன்னதில்லை. அவள் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள்; மிச்சத்தை அவளே மோப்பம் பிடித்துக்கொள்வாள்.

"எங்கிட்டயா மைனி சொல்லுதிய? என்னைத் தெரியும்லா?"

"நல்லாத் தெரியும். நீயாக் கண்டுபிடிச்சா அது சேதி. நானாச் சொன்னா அது ரகசியம். வித்தியாசம் புரியுதா?"

"புரியல" என்றாள் தண்டோரா, உண்மையாகவே.

"நாளைக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டு வடிவு ஆற்றின் இழுப்பை எதிர்த்து ஏறிப் போனாள்.

மறுநாள் காலை தண்டோரா சுற்றுக்குப் போகவில்லை. கரையோரக் கரும்பாறை ஒன்றின் பக்கமாக ஒதுங்கி நின்றாள். உள்ளே அந்தச் சேதி உளுந்து போல ஊறி உப்பிக்கொண்டிருந்தது. ஒரு நத்தையிடமாவது சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. நத்தையும் பக்கத்தில்தான் இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சடையாண்டி வந்தார். பின்னால் வலையைச் சுமந்துகொண்டு ஊர். அருகில் அவர் மனைவி பேச்சிக்கிளி, வெற்றிலையை மென்றபடி.

"ஏட்டி தண்டோரா, பூமீனு எங்கட்டீ?"

"மத்தளக் கசத்துல கெண்டை கொழுத்துக் கெடக்கு அண்ணாச்சி. நாணல்திட்டுல அயிரை. கெளுத்திக்கு மீசையில ஒரு மயிரு உதிர்ந்துபோச்சு, அதை வெளிய சொல்லாதன்னு சொல்லிச்சு, உங்ககிட்டதான் சொல்லுதேன்."

"பூமீனைக் கேட்டேன்."

"விலாங்குக்கு முதுகு வலி."

சடையாண்டி குரலைக் குழைத்தார். "தாயி, இந்த ஆத்துல உனக்குத் தெரியாதது உண்டா? ராசாத்தி மாதிரி இருக்க. கல்யாணத்துல உம் பேரைச் சொல்லித்தான் பந்தியே ஆரம்பிக்கப் போறேன்."

தண்டோராவுக்கு உச்சி குளிர்ந்தது. வாலில் ஒரு துள்ளல் வந்தது. ஆனாலும், "விலாங்குக்கு இடுப்பும் வலிதான்" என்றாள்.

பேச்சிக்கிளி வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கணவரின் காதருகே குனிந்தாள். "கேட்டா எப்பிடிச் சொல்லுவா? தப்பாச் சொல்லிப் பாருங்க. திருத்தாம இருந்தா என்னைக் கேளுங்க." வாயாடியின் நோய் இன்னொரு வாயாடிக்குத்தான் தெரியும்.

சடையாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்குச் சொல்வது போல உரக்கச் சொன்னார்: "பூமீனெல்லாம் ஆலடிக் கசத்து ஆழத்துல கெடக்காம்!"

இல்லை என்ற சொல்லின் முதல் எழுத்து தண்டோராவின் உதட்டுக்கு வந்துவிட்டது. ஆலடிக் கசமா! முட்டைக்குக் கூழாங்கல் வேண்டும், ஓடும் தண்ணீர் வேண்டும் என்பது தலைப்பிரட்டைக்குக்கூடத் தெரியுமே! இப்படி ஒரு பொய் வெயிலில் நின்றுகொண்டு ஊர் முன்னால் சொல்லப்படுகிறது. திருத்த அவள் ஒருத்திதான் இருக்கிறாள். உடம்பெல்லாம் அரித்தது. வாய் தானாகத் திறந்தது.

திறந்த வாயைக் கொண்டுபோய்க் கரும்பாறையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சடையாண்டிக்கு உற்சாகம் பிறந்தது. "பூமீனு முட்டையே போடாதாம்! குட்டிதான் போடுமாம்!"

தண்டோராவின் வால் சுழன்றது. உதட்டைப் பாறையில் இன்னும் அழுத்தினாள்.

"அதுவும் பால் குடிக்கிற குட்டியாம்!"

ஒரு விரல்நீள உயிர் எவ்வளவுதான் தாங்கும்? கண் இரண்டும் பிதுங்கின. வடிவு சொன்ன வித்தியாசம் அந்த நொடியில்தான் அவளுக்குப் புரிந்தது. சேதி சொன்னால் சுகம். இது சொல்லாமல் இருந்தால்தான் தன்னுடையது. தன்னை நம்பி ஒருத்தி கொடுத்தது. பாறையே பிளந்தாலும் விடுவதில்லை என்று உறிஞ்சிப் பிடித்துக்கொண்டாள்.

கரையில் எல்லோரும் அவளையே உற்றுப் பார்த்தார்கள். பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர், "ஏய்யா, பொய்யின்னா இவ இதுக்குள்ள கத்தியிருப்பாளே?" என்றார்.

எல்லோரும் யோசித்தார்கள். தண்டோரா பிழையான சேதியை விட்டுவைத்ததாகச் சரித்திரமே இல்லை. திருத்தவில்லை; ஆகவே உண்மை. சடையாண்டியும் யோசித்தார். கொஞ்சம் முன்புதான் தன் வாயால் இட்டுக்கட்டிய பொய்யை, அத்தனை பேர் முன்னால், தானே நம்பினார். "நான் சொன்னேன்லா, ஆலடிக் கசந்தான்!" என்று முன்னால் ஓடினார். பால் குடிக்கும் குட்டியைப் பற்றிப் பேச்சிக்கிளிக்குச் சிறு சந்தேகம் இருந்தது. கூட்டத்தோடு அவளும் ஓடினாள்.

ஆலடிக் கசத்தில் அன்று நடந்ததைக் கெளுத்திகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரித்தன. வலையை வீசினார்கள், ஆலமர வேரில் மாட்டிக்கொண்டது. எடுக்க இறங்கினார்கள், கெளுத்தி முள்ளால் குத்தியது. விலாங்கைப் பிடித்தவர் கையிலிருந்து அது நழுவி, அடுத்தவர் வேட்டிக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறியது. பேச்சிக்கிளி கரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த நேரத்தில் மேற்கே இடி உருண்டது. புதுவெள்ளம் செம்மண்ணாய்க் கலங்கி இறங்கியது. ஆட்கள் மேட்டுக்கு ஓடினார்கள். வலை வெள்ளத்தோடு சமவெளிக்குப் போயிற்று.

தண்டோரா பாறையை விடவில்லை. கட்டைகள் உருண்டன, மரங்கள் போயின, கெண்டைகள் ஓரம் தேடி ஒதுங்கின. வாயைத் திறந்தால் அந்தச் சொல் வெளியே விழுந்துவிடும் என்ற பயம் அவளுக்கு வெள்ளத்தைவிடப் பெரிதாக இருந்தது. தண்ணீர் அவள்மேல் ஏறிப் போய்க்கொண்டேயிருந்தது.

பல நாள் கழித்துத் தண்ணீர் தெளிந்தபோது வடிவு வயிறு ஒட்டி, மெலிந்து, மகிழ்ச்சியாக இறங்கி வந்தாள். பின்னால் மற்ற பூமீன்கள். அவற்றுக்கும் பின்னால், குருத்தோடையிலிருந்து, ஊசி நுனி போன்ற பொன் குஞ்சுகள் பொழுதெல்லாம் வந்துகொண்டே இருந்தன.

"பொரிஞ்சாச்சு தாயி. போதும், வாயை எடு" என்றாள் வடிவு.

தண்டோரா மெல்ல வாயை எடுத்தாள். முகத்தின் முன்னால் இருந்த வாய் கீழ்ப்பக்கம் இறங்கியிருந்தது. கீழுதடு குடத்தின் விளிம்பு போல வட்டமாகத் தடித்திருந்தது. பேச முயன்றாள், குமிழி வந்தது. இன்னொரு முறை முயன்றாள், இன்னொரு குமிழி.

வடிவு பதறினாள். "ஐயோ, என்னால உன் பேச்சுப் போச்சே!"

தண்டோரா இரு என்பது போல வாலை அசைத்தாள். பாறையிடம் திரும்பிப் போய் வாயை மறுபடி பொருத்தி, ஒரு இழுப்பு இழுத்தாள். வடிவு அருகில் வந்து பார்த்தாள். பாசி! பேச்சுக்கு நடுவே எதையோ விழுங்கியே வளர்ந்தவளுக்கு, வெயில் பட்ட பாறைப் பாசிக்கு இப்படி ஒரு ருசி உண்டு என்பது அந்த வெள்ளத்தின்போதுதான் தெரிந்திருக்கிறது. கண்ணை மூடித் தின்றாள். பிறகு வடிவுக்கும் கொஞ்சம் சுரண்டிக் கொடுத்தாள்.

அன்று மாலை ஆறு கூடிப் பேசியது. அதுதான் அது கடைசியாகப் பேசியது. இவள் இத்தனை செய்த பிறகு மற்றவர்கள் கரையோடு வம்பளப்பது முறையல்ல என்று கெளுத்தியே முன்மொழிந்தது, மீசையில் உதிர்ந்த மயிரைப் பற்றி எதுவும் கேட்காமல். அவளுக்குக் கல்லொட்டி என்று புதுப் பெயரும் வைத்தார்கள்.

கல்யாணப் பந்தியில் பலாக்கொட்டைக் குழம்பும் மூங்கில் குருத்துப் பொரியலும் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் விரலைச் சூப்பிக்கொண்டு மறு சோறு கேட்டார்கள். பூமீனை யாரும் நினைக்கவில்லை. சடையாண்டி மட்டும் நினைத்தார். கல்யாணம் முடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீரைத் தட்டினார். கெஞ்சினார். புதிய பொய்களைச் சொல்லிப் பார்த்தார். பதில் இல்லை. கடைசியில் ஒரு கம்பில் நாரைக் கட்டி, முள்ளை வளைத்து, மண்புழுவைக் கோத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பேச்சு எழுந்தால் மீன் ஓடியது; ஆகவே பேச்சையும் விட்டார். பொழுது சாயும்வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

"மவராசியா இருப்பா அந்தத் தண்டோரா" என்றாள் பேச்சிக்கிளி, மேட்டில் நின்று பார்த்துவிட்டு. "நாளைக்கும் போங்க."

கல்லொட்டி பாறையில் வாயை அப்பிக்கொண்டு கிடப்பதும், தூண்டில்காரன் கரையில் வாயை மூடிக்கொண்டு கிடப்பதும் அந்த ஆனியிலிருந்துதான். அவள் எல்லாம் தெரிந்ததால் பேசுவதில்லை; அவனுக்கு எதுவும் தெரியாது என்பதை அவனிடம் சொல்ல இன்றுவரை ஆற்றில் ஆளில்லை.