களைக்கொல்லி வணிகனுக்கு வைத்த விருந்து

அநியாயம் நடந்தது கீரைக்காரி வெள்ளச்சிக்கு. செய்தவர் ராஜா கொற்றவேலன். எதற்காக? ஒரு புல்தரைக்காக.

கடல் தாண்டி வந்த வணிகன் லோரன்சு ஒரு மருந்து கொண்டுவந்திருந்தான். தெளித்தால் புல் மட்டும் பிழைக்கும். அகல இலை விட்டதெல்லாம் கருகும். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் உலாவ, கம்பளம் விரித்தாற்போல் ஒரு புல்தரை வேண்டுமே! ஜாடி ஜாடியாக வாங்கி அரண்மனைத் தோட்டமெங்கும் அடித்தாயிற்று. பிறகு மழை. மருந்து வாய்க்காலில் இறங்கி, வெள்ளச்சியின் பாத்திக்குள் புகுந்தது. பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் சுருண்டு படுத்துவிட்டன.

கருகின கீரையை மடியில் கட்டிக்கொண்டு அவள் சபைக்கு வந்தாள். "எம் பிள்ளைங்களுக்கு இதுதான் மகாராசா சோறு."

லோரன்சு ஒரு தண்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். "அகல இலை. களைதான். மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. இது மறுபடி முளைத்தால் புல்தரைக்கு ஆபத்து, அரசே. தடை போடுங்கள்."

போட்டுவிட்டார் ராஜா. கோட்டைக்குள் இனி அந்தக் கீரைகளுக்குத் தடை. பாத்தி இருந்த நிலமும் புல்தரைக்கே.

மடைப்பள்ளியை நடத்தும் மதுரவல்லி ஓரமாக நின்றிருந்தாள். அவள் வாய்க்கு மந்திரிகளே பயப்படுவார்கள். மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, உங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் இந்த மருந்துதானோ?"

"அங்கே இதற்குத் தடை, அம்மணி. ஆற்றில் மீன் செத்து மிதந்தது. வெளிநாட்டுக்கு விற்கத்தான் தடையில்லை." கூசாமல் சொன்னான். "எல்லாம் சட்டப்படி."

"சட்டப்படி என்றால் சரிதானே," என்றார் ராஜா. யார் ஊர்ச் சட்டம் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் மனசு புல்தரையில் உலாவிக்கொண்டிருந்தது.

மறுநாள் வணிகனுக்கு விருந்து. மதுரவல்லியே பரிமாறினாள். லோரன்சு இலையில் மட்டும் பச்சையாக ஒரு மசியல். ஒரு வாய் போட்டான். முகம் மலர்ந்தது.

"அருமை. ராஜாவுக்கு வைக்கவில்லையே?"

"அவர் தொடக் கூடாது, ஐயா. எங்கள் கோட்டைக்குள் இதற்குத் தடை."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. "தடையா? பிறகு எனக்கு ஏன் வைத்தாய்?"

"வெளிநாட்டாருக்குக் கொடுக்கத் தடையில்லை. எல்லாம் சட்டப்படி."

லோரன்சு இலையைத் தள்ளிவிட்டு எழுந்தான். வாய்க்குள் விரலை விட்டான். விருந்து மண்டபம் முழுக்க அவன் ஓங்கரிக்கும் சத்தம்.

ராஜா சிவந்துபோனார். "மதுரவல்லி, விருந்தாளிக்கு விஷமா வைத்தாய்?"

"அவர் ஊருக்கு ஆகாததை நமக்கு ஊற்றினால் வியாபாரம், மகாராஜா. நம் ஊருக்கு ஆகாததை அவருக்குப் பரிமாறினால் மட்டும் விஷமா?"

நேற்று வெள்ளச்சி மடியில் கட்டிவந்த கருகல் இப்போதுதான் ராஜாவின் கண்ணில் பட்டது போலும். மீதி ஜாடிகளைக் கப்பலில் திருப்பி ஏற்றச் சொன்னார். நிலத்தை அவளுக்கே விட்டார். பாத்தி தழைக்கும்வரை அவள் வீட்டு அரிசி அரண்மனைப் பொறுப்பு.

லோரன்சுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். "அம்மணி, அது என்ன விஷம் என்றாவது சொல்லுங்கள். வைத்தியரிடம் சொல்ல வேண்டும்."

"வெள்ளச்சி பாத்தி மேட்டில் உங்கள் மருந்துக்குத் தப்பின கடைசிப் பிடி பொன்னாங்கண்ணி, ஐயா. நேற்று நீங்கள்தானே தடை போடச் சொன்னீர்கள்?"