நெடுங்கொம்பனின் வீம்பு

கோடையில் வற்றிக்கொண்டிருந்த ஒரு காட்டுக் குளத்துக்குப் புள்ளிமான் கூட்டம் ஒன்று நீர் அருந்த வந்தது. அதன் தலைவன் நெடுங்கொம்பன். தலைவன் நீரில் வாய் வைத்த பிறகே மற்ற மான்கள் குடிக்கவேண்டும் என்பது அக்கூட்டத்தின் வழக்கம்.

தும்பை என்னும் பெண்மானுக்கு மட்டும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கரையோரம் ஓடியது; மண்ணாங்கட்டி ஒன்றைக் குளம்பால் உதைத்து நீரில் தள்ளியது; உற்றுப் பார்த்தது; மீண்டும் ஓடியது.

எதிர்க்கரையில் நின்ற காட்டெருமை சிரித்தது. "என்ன தலைவரே, உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இன்னும் விளையாட்டு வயது தீரவில்லையோ?"

நெடுங்கொம்பனுக்குச் சுருக்கென்றது. "தும்பை! குட்டி பெற்றவள் செய்கிற வேலையா இது? சுத்தச் சிறுபிள்ளைத்தனம்! நிறுத்து!"

"விளையாடவில்லை, அண்ணா. கட்டி விழுந்தால் தவளைகள் நீரின் ஆழத்துக்குப் பாயும். ஆழத்தில் முதலை கிடந்தால் கரைக்குத் தாவும். அதைத்தான் பார்க்கிறேன். நீங்கள் இறங்கும் இடம் ஒன்றுதான் பாக்கி."

"தவளையைக் கேட்டுத் தண்ணீர் குடிப்பவனா நான்?" என்று நெடுங்கொம்பன் விறைப்பாக நடந்தது.

தும்பை பொறுக்கமாட்டாமல் ஒரு கட்டியை உதைத்தது. பத்துத் தவளைகள் கரைக்குத் தாவின! நீரைப் பிளந்துகொண்டு முதலையின் மூக்கு எழுந்தது. நெடுங்கொம்பன் துள்ளிப் பின்வாங்கி, சேற்றில் உட்கார்ந்துவிட்டது. காட்டெருமை விழுந்து விழுந்து சிரித்தது.

உயிர் பிழைத்ததை நெடுங்கொம்பன் நினைக்கவில்லை. அந்தச் சிரிப்பையே நினைத்தது. "என் சொல்லை மீறினாய். இன்று நான் குடிக்கமாட்டேன்! ஆகவே எவரும் குடிக்கக்கூடாது!" என்று ஒரு மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

வெயில் ஏறியது. மான்கள் காலை மாற்றி மாற்றித் தவித்தன. தும்பையின் குட்டி நாக்கு வறண்டு, முன்கால் மடங்கிச் சரிந்தது.

"அண்ணா, கிழக்குப் பக்கத்தில் பயமில்லை. ஒரு வாய் குடியுங்கள்!"

"முதலில் உன் தப்பை ஒப்புக்கொள்!"

"தப்புதான், அண்ணா. வாருங்கள்."

"மனதாரச் சொன்னதாகத் தெரியவில்லையே!"

தும்பை நெடுங்கொம்பனை உற்றுப் பார்த்தது. "காலையில் என்னை ஒரு சொல்லால் திட்டினீர்கள். அந்தச் சொல்லுக்கு உரியவர் யார் என்று இப்போது தெரிந்துகொண்டேன்" என்றது. பிறகு குட்டியை முகத்தால் முட்டி எழுப்பி, கிழக்குக் கரைக்கு நடத்திச் சென்றது. குட்டி குடித்தது. ஒரு மான் போயிற்று, இன்னொன்று போயிற்று, பிறகு கூட்டமே போயிற்று.

"வழக்கம்! நம் வழக்கம் என்ன ஆவது!" என்று நெடுங்கொம்பன் கத்தியது. எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பொழுது சாயும் வேளையில் அது தனியே இறங்கி நீர் குடித்தது. அப்போது அதற்காகக் கரையில் காத்திருந்தவர் ஒருவரும் இல்லை.

தன் வீம்பு நிறைவேறப் பிறரைத் தவிக்கவிடும் செயலே சிறுபிள்ளைத்தனம். அது எந்த வயதிலும் வரும்.