மூன்று செக்கும் மூன்று முக்காடும்

எள்ளூர்க்காரர்களைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். "கொஞ்சம் இருங்க, வந்துடறேன்" என்று யாராவது சொல்லிவிட்டு மறந்து போனால், மறுநாளும் அதே இடத்தில் இருப்பார்கள்.

அந்த ஊரில் மூன்று செக்குகள். சுற்று வட்டாரம் முழுவதும் அந்த எண்ணெயில்தான் தாளித்தது, தலை முழுகியது, விளக்கேற்றியது. பெரிய செக்கு அம்பலவாணருடையது. நடுத்தரச் செக்கு தவசியுடையது. சின்னச் செக்கு மருதையனுடையது. மருதையனுக்குச் சொத்து என்றால் அந்தச் செக்கும், அதைச் சுற்றி வரும் கறுப்பன் என்ற காளையும்தான்.

அந்த வருஷம் எள் அமோகமாக விளைந்தது. மூன்று பேரும் ஆட்டித் தள்ளினார்கள். எண்ணெய் விலை சரிந்தது. கறுப்பனுக்கு வைக்கோல் வாங்கக்கூடக் கட்டுப்படியாகவில்லை. மாட்டுத் தரகர் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்தார். "பொங்கல் கழிச்சு வர்றேன். அப்பவும் இதே கதைன்னா காசைக் கொடுத்து ஓட்டிட்டுப் போறேன்" என்று மருதையனிடம் பேசி முடித்துவிட்டுப் போனார்.

மருதையனின் மனைவி பவுனு அன்று சாப்பிடவே இல்லை. மருதையன் சாப்பிட்டான், ஆனால் ரொம்ப வருத்தத்தோடு சாப்பிட்டான்.

மூன்று பேரும் சந்தையில் கமிஷன் மண்டி வைத்திருந்த செய்யது பாயிடம் போய் நின்றார்கள்.

"போட்டி போட்டுக் கொண்டாந்து கொட்டினா விலை எப்படிய்யா நிக்கும்?" என்றார் பாய். "கூடிப் பேசுங்க. ஆளுக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு வெச்சுக்குங்க. எண்ணெயைக் குறைங்க. விலை தானா ஏறும்."

ஊர் திரும்பியதும் கூடினார்கள். ஜமக்காளம் அம்பலவாணருடையது என்பதால் அவரே சபைத் தலைவர்.

"மாட்டை எண்ணிப் பங்கு வைப்போம். ஒரு மாட்டுக்கு வாரம் ஒரு குடம்" என்றார் அவர். "எனக்கு ரெண்டு மாடு. பசு சினையா இருக்கு. அது காளைக்கன்னு போட்டு, கன்னு வளர்ந்தா மூணு."

"எனக்கு ஒரு மாடு" என்றான் தவசி. "கல்யாணம் இன்னும் ஆகல, ஆனா ஆகும். மாமனார் ஒரு ஜோடி கொடுப்பார். ஆக எனக்கும் மூணு."

மருதையன் யோசித்தான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "எனக்குக் கறுப்பன் ஒண்ணுதான் அண்ணாச்சி. நிழலைச் சேர்த்தா ரெண்டு."

"மத்தியானம் நிழல் சுருங்கிப் போகுமேடா?" என்றார் அம்பலவாணர்.

"சாயங்காலம் நீளுது இல்லையா? அதுக்கும் இதுக்கும் சரியாப் போகும்."

சபை இதை நெடுநேரம் ஆராய்ந்து, நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டது. யாரும் அளவை மீறக் கூடாது என்று மூவரும் சத்தியம் செய்தார்கள்.

அப்போது தவசிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏற்கெனவே ஆட்டி வெச்ச எண்ணெயை என்ன செய்ய? பாய் குறைக்கச் சொன்னாரே!"

"மாடு முன்னால நடந்தா எள்ளு எண்ணெயாகுது" என்றார் அம்பலவாணர். "பின்னால நடந்தா?"

சபையே எழுந்து நின்று அவரைக் கும்பிட்டது.

மறுநாள் மூன்று செக்கிலும் புண்ணாக்கைப் போட்டு, எண்ணெயை ஊற்றி, மாடுகளைப் பின்பக்கமாக நடத்தினார்கள். கறுப்பனுக்கு அது பழக்கமில்லை. மருதையன் முன்னால் நின்று நெற்றியைப் பிடித்துத் தள்ள, பவுனு பின்னால் நின்று வாலைப் பிடித்து இழுத்தாள். எண்ணெயில் பாதி தரையில் ஓடியது. மீதியைப் புண்ணாக்கு குடித்துவிட்டது.

"பாதி எண்ணெய் எள்ளுக்குள்ள திரும்பிப் போயிடுச்சு!" என்று மருதையன் கூவினான். ஊறிய புண்ணாக்கைத் தின்ற கறுப்பன் கண்ணாடி மாதிரி மின்னினான்.

வேடிக்கை என்னவென்றால், விலை நிஜமாகவே ஏறியது. சந்தைக்கு எண்ணெய் வரத்து இல்லையே! ஊர் ஊராகத் தோசை வறண்டது, விளக்கு சீக்கிரம் அணைந்தது. எள்ளூரில் மூன்று பேர் மட்டும் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

விலை ஏறியதும் மருதையனுக்கு ஓர் எண்ணம் வந்தது. இப்போது கூடுதலாகச் சில குடம் ஆட்டி விற்றால் வைக்கோற்போரே வாங்கிப் போட்டுவிடலாம். தரகர் பக்கத்தில் வர முடியாது. மற்ற இருவரும் சொன்ன சொல் மீறாதவர்கள். தான் ஒருவன் மீறினால் விலையா விழுந்துவிடும்?

"சத்தியம் பண்ணினீங்களே?" என்றாள் பவுனு.

"சத்தியம் பண்ணினது மருதையன். சந்தைக்குப் போறது மருதையன் இல்லையே" என்று அவளுடைய சுங்குடிப் புடவையைச் சுற்றி, முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பாய் மண்டியில் ஏற்கெனவே இரண்டு பெண்கள் முக்காட்டோடு நின்றார்கள். ஒருத்திக்குத் தொந்தி. இன்னொருத்திக்கு முக்காட்டுக்கு வெளியே மீசை எட்டிப் பார்த்தது. சுற்றிலும் எண்ணெய்க் குடங்கள்.

"எந்த ஊரும்மா?" என்றாள் தொந்திக்காரி, கட்டைக் குரலில்.

"தூரத்து ஊரு தாயி" என்றான் மருதையன். "பக்கத்துல எள்ளூருன்னு ஒண்ணு இருக்காமே?"

"தங்கமான ஆம்பளைங்க" என்றாள் மீசைக்காரி. "அளவுக்கு மேல ஒரு சொட்டு கொண்டாற மாட்டாங்க."

"அதுலயும் அந்த அம்பலவாணர் இருக்காரே, தெய்வம்" என்றாள் தொந்திக்காரி.

பாய் மூன்று முகங்களையும் பார்த்தார். கமிஷனை எடுத்துக்கொண்டார்.

அடுத்த சந்தையிலேயே விலை தரைக்கு வந்துவிட்டது. சபை அவசரமாகக் கூடியது.

"யாரோ மூணு பொம்பளைங்க கொண்டாந்து கொட்டினாங்களாம்" என்றார் அம்பலவாணர்.

"நீங்க பார்த்தீங்களா அண்ணாச்சி?" என்றான் தவசி.

"சேச்சே! நான் ஏன் அங்க போறேன்?"

மூவரில் ஒருத்தி யார் என்று மருதையனுக்குத் தெரியும். மற்ற இரண்டு பேர் யார்? அவர்களை எப்படிக் கட்டுப்படுத்துவது?

"அவங்களையும் சபையில சேர்த்துக்குவோம்" என்றான் தவசி. அந்தப் பெண்கள் வெள்ளிக்கிழமை எள்ளூருக்கு வர வேண்டும் என்று சந்தையில் தமுக்கு அடிக்கச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மூவரும் ஜமக்காளத்தில் காத்திருந்தார்கள். பெண்கள் வரவில்லை. வயிறு சரியில்லை என்று அம்பலவாணர் எழுந்து போனார். மாடு கத்துகிறது என்று தவசி போனான். தனியாக உட்கார என்ன இருக்கிறது என்று மருதையனும் போனான்.

சற்று நேரத்தில் மூன்று முக்காடுகள் வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தன. ஆண்களைக் காணவில்லை.

"வரச் சொல்லிட்டு ஓடிட்டாங்க பாருங்க!" என்றாள் தொந்திக்காரி. "இந்த ஆம்பளைங்களுக்கு இனிமே ஒரு சொட்டு அளவு கிடையாது. அவங்க செக்கு நிக்கட்டும். நாம மட்டும் ஆட்டுவோம்."

மூன்று கைகள் உயர்ந்தன. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஆட்டுவது என்றால் மாடு வேண்டுமே. மருதையன் முக்காட்டோடு நேராகத் தன் வீட்டுக்கு வந்தான். பொங்கல் கழிந்துவிட்டதே, வாசலில் தரகர் கயிற்றோடு நின்றார். கறுப்பன் கொட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"மருதையன் எங்கம்மா? மாட்டை ஓட்டிட்டுப் போகணும்."

"அவர் வீட்ல இல்லீங்க. நானும் அவரைப் பார்க்கத்தான் வந்தேன். மாட்டை வாடகைக்குக் கேட்கணும்."

"எப்ப வருவார்?"

"தெரியலியே."

இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தது. "பேச்சுல நிக்காத ஆளு!" என்று தரகர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

"நிஜந்தாங்க, சுத்தப் பொறுப்பில்லாத மனுஷன்" என்று மருதையன் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னான்.

உள்ளேயிருந்து பவுனு கூப்பிட்டாள். "ஏங்க, சோறு ஆறுது. சாப்பிட வாங்க."

மருதையன் முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டான். "வேண்டாம் தாயி. வீட்டுக்காரர் வரட்டும். அவர் இல்லாதப்ப உள்ள வந்து சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?"